செவல்பாறை, சாவடி எண் 117

மார்ச் 20

ஆணை வந்துவிட்டது. செவல்பாறை தொகுதி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். எனக்கு இது ஏழாவது தேர்தல்.

ஆசிரியர் ஓய்வறையில் இன்று ஆளாளுக்கு நோய் வந்துவிட்டது. தமிழய்யாவுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் முதுகெலும்பு விலகும், எண்ணிக்கை முடிந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அவர்தான் எனக்கும் வழி சொன்னார்.

"டீச்சர், உங்களுக்குத்தான் சுகர் இருக்கே. ஒரு டாக்டர் சர்டிபிகேட் குடுத்து கேன்சல் பண்ணிருங்க."

"சுகர் எனக்குத்தான சார், மெஷினுக்கு இல்லையே" என்றேன்.

மாநிலம் முழுக்கத் தேர்தல் என்றாலும் செவல்பாறையில் சூடு அதிகம். இருபது வருடமாக அங்கே ஜெயித்துக்கொண்டிருந்தவர் வயதாகிவிட்டதென்று இந்தமுறை நிற்கவில்லை. நாற்காலி காலி. குடைச் சின்னக்காரரும் பூட்டுச் சின்னக்காரரும் முட்டி மோதுகிறார்கள். மற்ற எட்டுப் பேர் ஒப்புக்கு.

நான் பயப்படவில்லை. ஒவ்வொரு தலைமை அலுவலரும் ஓட்டுப்பதிவு முடிந்ததும் அரசாங்கத்துக்கு ஒரு நாட்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சடித்த படிவம். அதில் 'தவறு, குறுக்கீடு ஏதேனும் நிகழ்ந்ததா' என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு தேர்தலிலும் அதில் நான் எழுதியது ஒரே வார்த்தை: 'இல்லை'. ஜூனில் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. என் பெயர் நான்காவது. முப்பது வருடம் கணக்கு நடத்தியதற்கு அந்த ஒரு நாற்காலிதான் நான் கேட்பது.

மார்ச் 29, ஞாயிறு

பயிற்சி வகுப்பு. மின்விசிறி இல்லாத மண்டபத்தில் நானூறு பேர். என் அணியில் மூன்று பேர். கருவூலத்துப் பெண் ஒருவர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர், மூன்றாவதாக நகராட்சித் துப்புரவு மேற்பார்வையாளர் குருசாமி. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, வாக்காளர் உள்ளே போகும்போது பொத்தானை அமுக்கிவிடும் வேலை அவருக்கு.

இந்த மனிதர் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர். "மழை வந்தா என்ன சார் செய்யணும்? மெஷின் மேல பல்லி விழுந்தா?" மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் தலைகுனிவு, என் அணியாயிற்றே.

பயிற்சி கொடுத்தவர் மாதிரி வாக்குப்பதிவைப் பற்றி மூன்று தடவை சொன்னார். காலையில் கட்சி முகவர்கள் முன்னால் ஐம்பது ஓட்டாவது போட்டுக் காட்ட வேண்டும். பிறகு க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று மூன்று பொத்தான்களையும் வரிசையாக அமுக்கி அந்த ஓட்டுகளை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் விளையாட்டு ஓட்டும் நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும். குருசாமி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய்க் கை கழுவுவீங்கள்ல?" என்று கேட்டேன்.

"கழுவிட்டுத் திரும்ப எழுதிக்கிடுவேன் மேடம்" என்றார்.

ஏப்ரல் 4

கூழ்வற்றல் போட்டேன். காக்காய் பாதி, வீட்டுக்காரர் பாதி. குழாய்த் தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் 15

மெஷினோடு ஊசிமலைப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு, எங்கள் 117-ஆம் சாவடிக்கு, வந்து சேர்ந்தாயிற்று. கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. குருசாமி நாலு பேருக்கும் எலுமிச்சைச் சோறும் கொசுவர்த்தியும் கொண்டுவந்திருக்கிறார். சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அவர் கையில் மறுபடியும் அந்த மூன்று வார்த்தை. புதுப் பேனா எழுத்து.

ஏப்ரல் 17

நேற்று ஓட்டுப்பதிவு. விடிந்துதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முகவர்கள் ஐந்தரைக்கு வர வேண்டும். வந்தது ஆறே காலுக்கு. குடைக்கு சீனிராஜ் என்பவர், பூட்டுக்கு லிங்கம். வரும்போதே சண்டை. மாதிரி ஓட்டையும் வீம்புக்குப் போட்டார்கள். குடைக்குப் பதினேழு, பூட்டுக்குப் பதினான்கு, மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பத்தொன்பது. ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். அப்போதே வெளியில் அறுபது பேர் வரிசை. மெஷினில் முடிவு பார்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஓட்டுக்கும் சின்னத்தைச் சீட்டில் அச்சடித்துப் போடும் விவிபேட் பெட்டியில் விழுந்திருந்த சீட்டுகளை எடுத்து எண்ணிக் காட்டினேன். ஐம்பதும் சரி. சீட்டுகளுக்குப் பின்னால் முத்திரை குத்தி, கருப்பு உறையில் போட்டு ஒட்டி, முகவர்கள் கையெழுத்தும் வாங்கினேன். அந்த வேலையில் ஒருத்தன் குறை சொல்ல முடியாது. குருசாமி இடையில் வழக்கம்போல ஏதோ கேட்டார். பதில் சொல்லி உட்கார வைத்தேன். ஏழடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கதவைத் திறந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு எத்தனை ஓட்டு என்று மேலே சொல்ல வேண்டும். பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டுப் பேர். மெஷினில் நூற்று அறுபத்தெட்டு.

கூட்டுறவுச் சங்க எழுத்தரைத் திட்டினேன், பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று. அவர் பாவம், பேசாமல் மறுபடி எண்ணினார். நூற்றுப் பதினெட்டுதான். வித்தியாசம் சரியாக ஐம்பது. கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? மூன்று பொத்தான்களையும் அமுக்கவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

மண்டல அலுவலருக்குப் போன் செய்தேன். மேலே கேட்டுவிட்டு, "பதிவை நிறுத்தாதீங்க, தனியா அறிக்கை குடுங்க" என்றார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு அதிசயம் நடந்தது. காலையில் அடித்துக்கொண்ட சீனிராஜும் லிங்கமும் தோளோடு தோள் உரசி என் மேசைக்கு வந்தார்கள்.

"மேடம், எதுக்கு வீணா ரிப்போர்ட்டு? மறுபடியும் ஓட்டுப்பதிவுன்னு இழுத்துருவாங்க. பதிவேட்டுல ஐம்பது வரிய நிரப்பிருவோம். வெளியூர் போனவங்க, செத்துப்போனவங்க பேரு லிஸ்ட்டுல கிடக்குல்ல. கைநாட்டு நாங்க வச்சுக்கிடுறோம். மெஷினும் நோட்டும் சமமாயிரும்" என்றார் சீனிராஜ்.

"உங்க மேல தப்பே வராது. ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டோம்ல" என்றார் லிங்கம்.

"குடைக்கு மூணு ஓட்டுக் கூடுதலா இருக்கே, அதுக்கும் ஒத்துக்கிடுறீங்களா?"

"மூணு ஓட்டுதான மேடம். ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓட்டுல மூணு ஓட்டு எந்த மூலைக்கு?" என்றார் சீனிராஜ்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "செத்தவங்களை எழுப்பி ஓட்டுப் போட வைக்க நான் வரலை. போய் உக்காருங்க ரெண்டு பேரும்" என்று வகுப்பறைக் குரலில் சொன்னேன். வரிசையில் நின்ற கிழவர்கூட உட்காரப் போய்விட்டார்.

ஆறு மணிக்குப் பதிவேடு எண்ணூற்று ஆறு. மெஷின் எண்ணூற்று ஐம்பத்தாறு. அரசாங்க நாட்குறிப்பை எடுத்தேன். அந்தக் கட்டம் வந்தது. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, எழுதினேன்: 'ஆம். மாதிரி வாக்குகள் ஐம்பது அழிக்கப்படவில்லை. இது தலைமை அலுவலரான என் தவறு.'

பக்கத்தில் குருசாமி நின்றிருந்தார். அவர் கையில் இருந்த எழுத்து வியர்வையில் அழிந்திருந்தது. முதல் தடவையாக அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19

ராஜாமணி, என் வீட்டுக்காரர், போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏம் டீச்சரம்மா, நாலு பேர் இருந்தீங்க, ஒருத்தருக்கும் தோணலையா?"

"தோணலை" என்றேன்.

"சரி" என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை ருசி பார்த்தேன்.

ஏப்ரல் 27

விடைத்தாள் திருத்தும் முகாம். விஷயம் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைப் பக்கம் நான் போனதும் பேச்சு நிற்கிறது. நிற்கட்டும். இரண்டு டீ வாங்கி இரண்டையும் நானே குடித்துவிட்டு வந்தேன். சுகருக்கு ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும்.

மே 6

வாக்கு எண்ணிக்கை. நாள் முழுக்க டிவி முன்னால். அரிசி கழுவினதோடு அப்படியே கிடக்கிறது.

என் சாவடி மெஷினை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கணக்கு பொருந்தாத மெஷினை எண்ண மாட்டார்கள். மற்றதெல்லாம் முடிந்தபோது குடை இருநூற்றுப் பதினான்கு ஓட்டு முன்னிலை. என் சாவடியில் இருப்பதோ எண்ணூற்று ஆறு. அதை விட்டுவிட்டு வெற்றி அறிவிக்க முடியாது. அதனால் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளைக் கையால் எண்ணினார்கள். காலையில் மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கருப்பு உறையில் ஒட்டி வைத்திருந்தேனே, அதனால் பெட்டியில் இருந்தது அத்தனையும் நிஜ ஓட்டு.

பூட்டு நானூற்று அறுபத்து மூன்று. குடை இருநூற்று நாற்பத்தேழு.

டிவியில் சொல்வதற்கு முன்பே பழைய பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் கழித்துப் பார்த்துவிட்டேன். இருநூற்றுப் பதினாறு வித்தியாசம். பூட்டு இரண்டு ஓட்டில் ஜெயித்துவிட்டது.

அப்புறம் இன்னொரு கணக்குப் போட்டேன். அன்றைக்குப் பதிவேட்டில் பொய்யாக ஐம்பது வரி நிரப்பியிருந்தால் கணக்கு பொருந்தியிருக்கும், மெஷினை அப்படியே எண்ணியிருப்பார்கள். குடைக்கு அந்த மூன்று ஓட்டுக் கூடியிருக்கும். குடை ஒரு ஓட்டில் ஜெயித்திருக்கும்.

எந்த மூலைக்கு என்று கேட்டாரே சீனிராஜ், இந்த மூலைக்குத்தான். அவரை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல நான் யார்? அந்த ஐம்பதை உள்ளே விட்டவளே நான்தான்.

மே 8

காலையில் பூட்டுக் கட்சிக்காரர்கள் இருபது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். லிங்கம் முன்னால். கையில் சரிகைப் பொன்னாடை. "நேர்மைக்கு மரியாதை பண்ண வந்தோம் மேடம். ஒரே ஒரு போட்டோ."

"செத்தவங்க கைநாட்டை நீங்க வச்சுக்கிடுறதாச் சொன்னீங்களே லிங்கம், அந்தக் கையாலயா பொன்னாடை போடப் போறீங்க?" என்றேன். கூட்டம் லிங்கத்தைப் பார்த்தது. வேன் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் குடைக்காரர்கள். இவர்கள் சத்தமில்லாமல் ஒரு வக்கீலோடு வந்தார்கள். மெஷின் பழுது, பொத்தான் வேலை செய்யவில்லை என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். அவர்களுக்குக் கோர்ட்டில் வழக்கு நிற்கும், எனக்குத் தலை தப்பும்.

"மெஷின் நல்லா இருந்துச்சு. பொத்தானை அமுக்காத விரல் என்னுது" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். கதவைச் சாத்தியதும் ராஜாமணி கைதட்டினார். ஆனால் அவர் முகத்தில் இன்னும் அந்த 'சரி' இருந்தது.

மே 14

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. எனக்கும் குருசாமிக்கும். அவர் மெஷின் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை என்று.

மற்ற இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள்.

மே 19

குருசாமி வீட்டுக்கு வந்தார். பையில் கொய்யாப்பழம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் பதில் எழுதிக் குடுத்துட்டேன். அவசரத்துல ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரலைன்னு."

"எதுக்கு அப்படி எழுதுனீங்க?"

"மறதின்னா சின்னத் தண்டனை. ஒரு கண்டனத்தோட போயிரும், உங்க பதவி உயர்வுக்குப் பங்கம் வராது. அன்னைக்கு நடந்ததைச் சொன்னா அது மறதி இல்ல, அலட்சியம். பெரிய குறிப்பாணையாயிரும். பட்டியல்ல உங்க பேரை எடுத்துருவாங்க. எங்க ஆபீஸ் சூப்பிரண்டு விவரமாச் சொன்னாரு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன மேடம், மேஸ்திரியாச் சேந்து மேற்பார்வையாளர் ஆனவன். இதுக்கு மேல போக இடமே கிடையாது. ஒரு கண்டனம் ஃபைல்ல கிடந்துட்டுப் போகுது."

காபி கொடுத்தேன். குடிக்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. போகும்போது, "கொய்யா சுகருக்கு நல்லது மேடம்" என்றார்.

நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

மே 20

அரிசி புடைத்தேன். அலமாரி துடைத்தேன். துடைத்த அலமாரியை மறுபடியும் துடைத்தேன். "அலமாரி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் ராஜாமணி.

மே 21

ஏப்ரல் 17-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். 'யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.' என் கையெழுத்துதான். என் நோட்டுதான். யாரும் படிக்கப் போவதில்லை. இதில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

அடித்துவிட்டேன். இப்போது சரியாக எழுதுகிறேன்.

ஆறு ஐம்பத்தைந்து இருக்கும். கருப்பு உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். குருசாமி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, "மேடம், இந்த மூணும் அமுக்கியாச்சா?" என்று கேட்டார். தெளிவாகக் கேட்டார். எனக்கும் தெளிவாகக் கேட்டது. மெஷினைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. முகவர்கள், கருவூலத்துப் பெண், எல்லார் முன்னாலும் சொன்னேன்: "நான் ஆறு எலெக்‌ஷன் பாத்தவ. குப்பை வண்டி எண்ணுற ஆளு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். போய் உங்க சீட்டுல உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார்.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், அந்த ரெண்டாவது வரி தப்போ?" என்று கேட்டால் நின்று பார்ப்பேன். முப்பது வருடமாக அப்படித்தான். அந்த மனிதரின் கேள்விக்கு நிற்கவில்லை. அவர் யார் என்று பார்த்தேன், என்ன கேட்டார் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ராஜாமணியிடம் சொன்னேன். "அன்னைக்கே தெரியும். நீ மறக்குற ஆளா?" என்றார். பிறகு, "என்ன பண்ணப்போற?" என்று கேட்டார்.

"என்ன பண்ணுவேன்? விடைய அடிச்சுத் திருத்துவேன்."

மே 22

விசாரணை அலுவலர் கண்ணியமான மனிதர். என் விளக்கத்தைப் படித்துவிட்டு என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"அம்மா, குருசாமி மறதின்னு எழுதியிருக்காரு. நீங்களும் அதையே எழுதுனா இன்னைக்கே முடிச்சிரலாம். நீங்க இதுல அவர் கேட்டாரு, நான் அவமானப்படுத்தி உக்கார வச்சேன்னு எழுதியிருக்கீங்க. யாரும் உங்களைக் கேக்கலையே?"

"அவர் கேட்டாரே சார்."

"உங்க பதவி உயர்வு போயிரும்மா."

"தெரியும் சார். கணக்கு டீச்சர்தான, போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். அவர் வேலைய அவர் ஒழுங்காப் பாத்தாரு. அவர் ஃபைல்ல ஒரு கண்டனமும் விழக் கூடாது. அதை மட்டும் எழுதிக்கிடுங்க."

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 11

பட்டியல் வந்தது. நான்காவது பெயர் வேறு. நன்றாக அழுதேன். அழவில்லை என்று எழுதி இன்னொரு பொய் வேண்டாம். பிறகு பத்தாம் வகுப்புக்கு முதல் பாடம் எடுக்கப் போனேன்.

ஜூலை 2

குருசாமிக்கு நடவடிக்கை கைவிடப்பட்டது. எனக்கு ஊதிய உயர்வு இரண்டு வருடம் நிறுத்தம். அவர் போன் செய்தார். "ஏன் மேடம்?" என்றார். கேள்வி இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லலைல்ல, அதான்" என்றேன். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

பக்கத்துத் தொகுதியில் இடைத்தேர்தல். எனக்கு ஆணை வந்தது. இந்தமுறை தலைமை அலுவலர் இல்லை, மூன்றாம் அலுவலர். குருசாமி உட்கார்ந்த இடம். தமிழய்யாவுக்கு முதுகெலும்பு விலகிவிட்டது. எனக்கும் அதே மருத்துவரின் எண்ணைக் கொடுத்தார். வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

அதே மண்டபம். மின்விசிறி போட்டிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர் புது ஆள். மாதிரி வாக்குப்பதிவு வந்ததும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "செவல்பாறை நூத்திப்பதினேழு கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க ஒரு அம்மா, வயசாயிருச்சு, பாவம், மூணு பட்டனை அமுக்க மறந்துட்டாங்க."

நானூறு பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சார், அந்த அம்மா நான்தான். கதையத் தப்பாச் சொல்றீங்க."

சிரிப்பு நின்றது. அவர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"நான் மறக்கலை. குருசாமின்னு ஒருத்தர் எங்கிட்ட வந்து, அமுக்கியாச்சான்னு கேட்டார். எனக்கே சொல்லித் தர்றியான்னு உக்கார வச்சேன். மறதின்னு சொன்னா இங்க இருக்கறவங்க, நமக்குத்தான் ஞாபகம் இருக்கேன்னு வீட்டுக்குப் போயிருவாங்க. நடந்ததைச் சொல்லுங்க. அவர் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

பயிற்சி கொடுத்தவர் முதலிலிருந்து சொன்னார். பெயரோடு சொன்னார். நான் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் அந்த மூன்று வார்த்தையையும் எழுதிக்கொண்டேன்.